முதலாளி வீட்டுத் தண்ணீர் வண்டி

நம்மோடு படித்த எல்லோருக்கும்,

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி ‘அன்றும் இன்றும்’ என்று போட்டிருந்தீர்கள். கீழே கைகூப்பும் படம், பூங்கொத்து, ஆனந்தக் கண்ணீர் என்று ஒரு திருவிழாவே நடந்தது. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. “என்ன, கோபமா?” என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். ஆமாம், கோபம்தான். அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த காலை வணக்கத்துக்குப் போய்விடலாம்.

‘அன்று’ என்பது கறுப்பு வெள்ளைப் படம். நம் ஊருணிக்கரை. தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. கரையில் என் அப்பா மாலையும் துண்டுமாக நிற்கிறார். பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி. பின்னால் தண்ணீர் தகதகவென்று மின்னுகிறது. இடது ஓரத்தில், ஊருணி நிறைந்து வழியும் பள்ளத்தில், என் சித்தியின் ஆடுகள் தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கின்றன. ‘இன்று’ என்பது கலர் படம். அதே கரை. தகரக் கூரை போட்ட குடிநீர் நிலையம், ரிப்பன், பலூன். அந்த முதலாளியின் பேரன் ஒரு டம்ளரை நீட்டுகிறார். என் சித்தி கையை நீட்டுகிறாள்.

“அந்தக் காலத்துத் தண்ணி எப்படி மின்னுது பாருங்க, கண்ணாடி கணக்கா!” என்று நம்மில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அது ஏன் மின்னியது என்று உங்களில் ஒருவருக்குமா ஞாபகமில்லை? நீங்களும் அந்த ஊரில்தானே இருந்தீர்கள்? நாம் எல்லோருமே அதில் கையை முக்கி எடுத்து, “நான் வெள்ளிச் சிலை, நான் வெள்ளிச் சிலை” என்று ஓடினோமே, அதுகூடவா மறந்துவிட்டது?

இதை உங்கள் பிள்ளைகளுக்கும் அனுப்புவீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் நம் ஊரில் கிணறு வெட்டினால் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான் ஊறும். மழைத் தண்ணீர் ஓடிவந்து சேரும் ஊருணி ஒன்றுதான் குடிக்க. அதனால் அதற்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. கரையேறும் இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது. ஆடு மாடுகளுக்கு வழிந்தோடும் பள்ளம் மட்டும்தான். ஒருமுறை நான் கரையில் நின்று எச்சில் துப்பியதற்கு, யார் என்றே தெரியாத ஒரு அத்தை வந்து முதுகில் ஒன்று வைத்தாள். அம்மாவிடம் அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். அம்மாவும் ஒன்று வைத்தாள்.

அந்தத் தண்ணீரின் ருசிக்கு ஒரு அத்தாட்சி இருந்தது. சிவகாசியிலிருந்து முதலாளி வீட்டு மாட்டு வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தண்ணீர் எடுத்துப் போகும். வண்டியில் படுக்க வைத்த பெரிய இரும்பு டிரம், அதன்மேல் நனைத்த சாக்கு. எங்கள் தண்ணீரில்தான் பருப்பு மலர வேகிறது என்று முதலாளியம்மா சொன்னார்களாம். வண்டிக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். டிரம் நிறைந்ததும் தண்ணீர் தளும்பாமலிருக்க அதன் வாயில் வேப்பங்கொத்தைச் செருகும் வேலையை என்னிடம்தான் தருவார். வேலை முடிந்ததும் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கடலை மிட்டாய் வெளியே வரும். ஊரில் பெரியவர்களுக்கும் இதில் ஒரு கர்வம். “மொதலாளி வீட்டு அடுப்புல நம்ம ஊருத் தண்ணிதாம்லே கொதிக்குது” என்று டீக்கடையில் மார்தட்டிக்கொள்வார்கள். அவர் கம்பெனியில் ஊரே வெந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா அந்தக் கம்பெனியில் போர்மேன். அவருடைய அண்ணன், எனக்குப் பெரியப்பா, மருந்து கலக்கும் அறையில் வெந்து போனவர். பட்டாசுக்குள் போகிற வெடித்தூளை எங்கள் பக்கம் மருந்து என்போம். என்ன பெயர் பாருங்கள்! அப்பாவுக்குத் தீ என்றால் அப்படி ஒரு பயம். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தியதில்லை. அம்மா அடுப்பை அணைத்த பிறகும் அப்பா போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வருவார். மறுநாள் காலையில் அடுப்பு பற்றாது. அம்மா திட்டிக்கொண்டே ஊதுவாள்.

சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா பம்பாய்க்குப் போனவர் போனவர்தான். சித்தி எங்கள் வீட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் இருந்துகொண்டு ஆடு வளர்த்தாள். இந்தக் கதையில் பெயருள்ளவை ஆடுகள் மட்டுமே. செவலை, கருப்பி, மூளி, சாம்பல். மூளிக்கு ஒரு காது பாதிதான். சித்திக்கு ஒரே ஒரு வைராக்கியம், கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது. ஆடுகள் பெருகினால் கொஞ்சம் கரிசல் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் குதிரைவாலி விதைக்கலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவள் கணக்கு. அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதே பேச்சுத்தான்.

“உக்காந்த எடத்துல வேலை. நெழலு. ஏ புள்ள, ஆட்டுப் பின்னால அலைஞ்சு என்னத்தக் கண்ட?”

“நெழலுதான் மச்சான். அந்த நெழலுல உக்காந்து எந்திரிச்சு வாறவுக மூஞ்சியத் தெனமும் பாக்கேன்ல.”

அப்பா குனிந்து சோற்றைப் பிசைவார். மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களின் முகமெல்லாம் சாம்பல் பூசினதுபோல இருக்கும். அது அவருக்கும் தெரியும். சனிக்கிழமைகளில் நான் சித்தியோடு ஆடு மேய்க்கப் போவேன். கரிசல் காட்டில் நடந்தால் வெடிப்புக்குள் கால் போய்விடும். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இங்கன பாத்து வையி, அங்கன பாத்து வையி” என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஊருணித் தண்ணீரை ஒரு சுரைக்குடுக்கையில் எடுத்து வருவாள். அதில் ஒரு வாய் குடித்துவிட்டு வேலமர நிழலில் படுத்தால் அப்படி ஒரு தூக்கம் வரும்.

அந்த வருடம் மழை தள்ளிக்கொண்டே போனது. ஊருணி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் கலங்கலாகக் கிடந்தது. தண்ணீர் வண்டியும் வருவதை நிறுத்திவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கோ கொண்டாட்டம். மழை இல்லாவிட்டால் பட்டாசு நன்றாகக் காயும். தீபாவளி சீசனில் மழை வரக் கூடாது என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கே நேர்ந்துகொள்கிற ஊர் நம் ஊர். அவள் பெயரே மாரி. அவளிடம் போய் மழையை நிறுத்து என்று கேட்கிற துணிச்சல் உலகத்தில் வேறு யாருக்கு வரும்?

தீபாவளிக்கான கடைசி லோடு கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. ஓடையில் தண்ணீர் செம்மண்ணும் சருகுமாக உருண்டு வந்து ஊருணியில் விழுந்தது. தவளைகள் கத்திய கத்தலில் வீட்டுக்குள் பேச முடியவில்லை. ஊருணி நிறைந்து பள்ளத்தில் வழிந்தது. பெண்கள் குலவையிட்டுக் குடத்தை முக்கினார்கள். வண்டிக்கார மாமா திரும்ப வந்தார். நான் வேப்பங்கொத்தைச் செருகினேன். கடலை மிட்டாய் ஈரத்தில் பிசுபிசுத்தது, அதனால் என்ன?

அந்த வாரத்தில் ஒரு காலை. தூறிக்கொண்டிருந்தது. ஊருணிக்கு அப்பால் கம்பெனியின் பழைய தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. சீசனில் மிஞ்சிய மருந்தை எல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தார்கள். அது சட்டப்படி தப்பு, எல்லோருக்கும் தெரியும். அப்பா அங்கிருந்து கைகளை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

“கொட்டகை ஒழுகுது! மருந்து நனைஞ்சு போச்சு! பிள்ளைகளத் தூக்கிட்டுப் போங்க எல்லாரும்!”

நனைந்தால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். பாதி நனைந்த மருந்து, காய்ந்த மருந்தைவிடப் பொல்லாதது. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்ததில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். யாரும் தொடாமலே வெடிக்கும். அப்பா ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்ததாம். அதை அடக்க ஒரே வழி, முழுசாகத் தண்ணீரில் முக்குவது. அதற்கென்று கம்பெனிக்குள் ஒரு தொட்டி இருந்தது. இருந்து என்ன? அதில் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

முதலாளியின் கார் தற்செயலாக அன்று கம்பெனிக்கு வந்திருந்தது. தகவல் போனதும் ரோட்டோரமாக வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். அப்பா நனைந்துகொண்டே போய் நின்றார். நானும் அம்மாவும் சித்தியும் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்களுக்குக் காதில் விழுந்தது.

“தொட்டி சும்மா இல்லையே மொதலாளி. பேப்பர் பண்டல எறக்கி முடிக்கதுக்குள்ள வெடிச்சுப்போகும்.”

“அங்கன அம்புட்டுத் தண்ணி கெடக்குல்ல?” முதலாளி ஊருணியைக் காட்டினார்.

“அது குடிக்கிற தண்ணி மொதலாளி.”

“ஊரு முக்கியமா, தண்ணி முக்கியமா? நீயே சொல்லு போர்மேன்.”

என் வாழ்நாளில் இதைவிட அயோக்கியத்தனமான கேள்வியை நான் கேட்டதில்லை. ஊர் வேறு, ஊர் குடிக்கிற தண்ணீர் வேறு என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் அப்பாவுக்கு அந்த நேரம் கண்ணில் தெரிந்தது அவருடைய அண்ணன். அவர் திரும்பி ஓடினார். ஆண்கள் எல்லோரும் கூட ஓடினார்கள்.

இனி நான் சொல்லப்போவதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டைகளைத் தூக்கி வந்தவர்கள் ஊருணிக்கரை ஏறும் இடத்தில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார்கள். வரிசையாக, ஒழுங்காக. ஒருவர் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மூட்டையோடு இறங்கினார்கள். செருப்புத் தூசி படக் கூடாத தண்ணீரில் வெடியுப்பும், கந்தகமும், அலுமினியத் தூளும், பச்சைத் தீ எரிவதற்குப் போடுகிற உப்பும் மூட்டை மூட்டையாக இறங்கின. கடைசியில் சொன்ன அந்தப் பச்சைத் தீ உப்பு ஒன்றே போதும். தண்ணீரில் கரையும், கண்ணுக்குத் தெரியாது, உள்ளே போனால் கை கால் விழுந்துவிடும். அது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. முதலாளிக்கு முன்னாலேயே தெரியும். டின் டின்னாக வாங்கியவர் அவர்தானே.

சித்தி மட்டும் மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள்.

“குடிக்கிற தண்ணியில கொட்டுதீகளே மச்சான்! நாளைக்கு எங்க போறது?”

“ஏ புள்ள, வெலகு. மருந்து தண்ணியக் கண்டா செத்துரும். செத்துட்டா அது வெறும் மண்ணு.”

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். தீக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவர்களுக்கு, தண்ணீருக்குள் போய்விட்டால் ஆபத்து முடிந்தது. நம் பட்டாசு ஊர்களில் எல்லோருக்கும் இதே நினைப்புத்தான். வெடித்தால்தான் அது மருந்து. வெடிக்காமல் நம் வயிற்றுக்குள் போவதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

ஊர் தப்பித்தது. அதை நான் மறுக்கவில்லை. பெண்கள் அப்பாவுக்குத் திருஷ்டி கழித்தார்கள். மழை விட்ட ஒரு நாளில் முதலாளி சிவகாசியிலிருந்து ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்து, கரையில் வைத்து அப்பாவுக்கு மாலை போட்டார், துண்டு போர்த்தினார். அந்தப் படம்தான் நீங்கள் போட்ட ‘அன்று’. பின்னால் மின்னுவது அலுமினியத் தூள். முதலாளி அன்று ஊர்க்காரர்களோடு டீக்கடையில் டீ குடித்தாரா என்று கேளுங்கள். குடிக்கவில்லை. “வயிறு சரியில்ல” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பணிவைப் பார்த்து ஊரே மெய்சிலிர்த்தது.

தண்ணீரின் மேல் மிதந்த மினுமினுப்பைப் பெண்கள் கையால் விலக்கிவிட்டு, துண்டால் வடிகட்டிக் குடத்தை நிரப்பினார்கள். வடிகட்டியதும் பளிங்குபோல இருந்தது. லேசாக ஒரு கசப்பு. “புதுத்தண்ணி அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. “புதுத்தண்ணி சேரலை.” தவளைச் சத்தம் நின்றுபோனது. “மழை விட்டுருச்சுல்ல.” ஒரு கைக்குழந்தை இரண்டு நாள் துவண்டு கிடந்து போய்விட்டது. அதையும் புதுத்தண்ணீர் கணக்கில்தான் சேர்த்தார்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும், உண்மையான காரணத்தைத் தவிர.

முதலில் மூளி விழுந்தது. வாயில் நுரை தள்ள, பின்னங்கால் இழுத்துக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்தது. அடுத்து கருப்பி. பிறகு ஒவ்வொன்றாக. பள்ளத்துத் தண்ணீரை நம்பி இருந்த ஆடுகள். நான் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுரைக்குடுக்கையிலிருந்து தண்ணீர் புகட்டினேன். அது ஆசையாகக் குடித்தது. அந்தக் குடுக்கையில் இருந்ததும் ஊருணித் தண்ணீர்தான்.

அறுத்த சோளத்தட்டை மழையில் மறுபடி துளிர்த்தால் அதை மேய்ந்த ஆடு செத்துப்போகும். இது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் தீர்ப்பு சுலபமாகக் கிடைத்தது.

“மறுதாம்புச் சோளத்துல விட்டுட்டுத் தூங்கியிருப்பா” என்றார் அப்பா.

“எங்க ஆட்ட நான் சோளக் காட்டுப் பக்கமே பத்தலை மச்சான். இந்தா இவகிட்டக் கேளுங்க.”

நான், “ஆமாப்பா, போகலை” என்றேன். சின்னப்பிள்ளை சொன்னது யார் காதில் ஏறும்? ஒரு வாரத்தில் சித்தி, ஆடு மேய்க்கத் தெரியாத சோம்பேறி ஆகிவிட்டாள். குழாயடி இல்லாத ஊரில் ஊருணிப்படியில்தான் பெண்கள் பேச்சு. அங்கே அவள் போனாலே பேச்சு நின்றுவிடும். அவளுக்கும் கால் ஓய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கம்பவுண்டர் வாயு என்று ஒரு ஊசி போட்டார். அம்மா இருக்கன்குடிக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்தாள். கால் தேறியது. ஆடு ஒன்றுகூடத் தேறவில்லை.

எனக்கு அந்த நாட்களில் இன்னொரு வருத்தமும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் வண்டி வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்க் கரையில் வேப்பங்கொத்தை ஒடித்து வைத்துக்கொண்டு நிற்பேன். மாடுகளின் மணிச்சத்தம் கேட்கவே இல்லை. “மாமா ஏம்மா வரலை?” என்று கேட்டதற்கு அம்மா, “சிவகாசியிலயும் மழைல்ல, அங்கனயே தண்ணி கெடைக்கும்” என்றாள். சரிதான் என்று நினைத்தேன். இலை வாடியதும் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தைப் பொங்கல் முடிந்து கம்பெனி சீசன் தொடங்கியபோது சித்தி பஸ் ஏறினாள். முதல் நாள் போய் வந்தவளைப் பார்த்தேன். புருவத்திலும் நகக்கண்ணிலும் வெள்ளி. ஊருணியில் மின்னிய அதே வெள்ளி. கம்பெனிக்குப் போகாமல் பிழைக்க அவளுக்கு இருந்த ஒரே வழியைக் கொன்றது எதுவோ, அதைக் கலக்குகிற வேலைக்கே அவள் போக வேண்டியிருந்தது. முதலாளி நல்லவர் என்று அப்பா சொன்னார். கேட்ட உடனே வேலை கொடுத்தாராம்.

கோடையில் ஊருணி வற்றியதும் கரையோரம் வெள்ளையாகப் பூத்தது. சுண்ணாம்பு என்றார்கள். மெல்ல மெல்ல எல்லோரும் அந்தத் தண்ணீரை விட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கம்பெனி டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. குடிநீர் தந்த வள்ளல் என்று அதற்கும் ஒரு பாராட்டு. கட்டுப்பாடு தளர்ந்ததும் ஊருணிக்குள் முதலில் செருப்பு இறங்கியது. பிறகு குப்பை இறங்கியது. தண்ணீர் வரும் ஓடையில் கம்பெனிக்காரர்கள் சுவர் எழுப்பினார்கள். குதிரைவாலி விதைத்த காடெல்லாம் கொட்டகையாகிவிட்டது. இப்போது மழை வந்தாலும் வந்து சேர இடமில்லை. வருவதும் காலத்தில் வருவதில்லை. வந்தால் ரோட்டைக் கிழித்துக்கொண்டு ஓடி வைப்பாற்றில் விழுகிறது.

நான் அச்சகத்தில் பட்டாசு லேபிள் ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஆடி வெள்ளி. நானும் சித்தியும் இருக்கன்குடிக்குப் போயிருந்தோம். ஆற்று மணலில் மொட்டைத் தலையோடு ஒரு கிழவர் என்னையே பார்த்தார். வண்டிக்கார மாமா. அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வேப்பங்கொத்துப் பிள்ளையா நீயி? எம்புட்டுப் பெருசாயிட்ட!”

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். “ஏன் மாமா, அந்தக் கொட்டகை ஒழுகுன மழைக்கு அப்புறம் நீங்க வரவே இல்லையே?”

அவர் முகம் மாறியது. சித்தியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார்.

“மருந்த முக்குன மறுநாளே வண்டிய வேற ஊருக்குத் திருப்பச் சொல்லிட்டாரு தாயி மொதலாளி. ‘அந்தப் பக்கம் இனிப் போகாத, ஏன்னு எவன்கிட்டயும் மூச்சு விடாத’ன்னாரு. நானும் விடல. பிள்ளகுட்டிக்காரன்.”

“மறுநாளேவா?” என்று கேட்டாள் சித்தி.

“மறுநாளேதான்.”

சித்தி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். “மறுநாளு எங்கிட்ட ஆடு முழுசா இருந்துச்சே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் அவள் அழுததை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. கோயிலில் அழுகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவர் இருமலோடு கட்டிலில் கிடந்தார். சித்தி வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “வண்டி வரலைன்னு எனக்குத் தோணவே இல்லியே” என்றார். சுவரில் மாட்டியிருந்த மாலைப் படத்தைக் கழற்றச் சொன்னார். சித்தியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சோளக்காட்டுப் பழியை அவள் தலையிலிருந்து இறக்காமலே போய்ச் சேர்ந்தார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

இனி ‘இன்று’க்கு வருகிறேன். போன மாதம் முதலாளியின் பேரன், ஊருணிக்கரையில் போர் போட்டு, அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் நிலையத்தைத் திறந்து வைத்தார். கம்பெனி ஆபீஸில் இருந்த பழைய படத்தை எடுத்து ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் அடித்திருந்தார்கள். அப்பா, மாலை, மின்னும் தண்ணீர், ஆடுகள். ‘ஊரைக் காத்த தியாகம், தொடரும் சேவை.’ அந்த பிளக்ஸின் பின்பக்கம் நான் போய்ப் பார்த்தேன். சுத்திகரிப்பில் கழித்துவிடும் தண்ணீரை ஒரு குழாய் மறுபடியும் ஊருணிப் பள்ளத்துக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது.

ஊரில் வயதில் மூத்த தொழிலாளி என்று சித்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கரையேறும் இடத்தில் சித்தி நின்று செருப்பைக் கழற்றினாள். சுற்றிலும் ஷூவும் செருப்புமாக அத்தனை பேர் மேலே நிற்கிறார்கள். “கழத்த வேண்டாம் பாட்டி, முள்ளு கெடக்கு” என்று ஒரு பையன் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன். செருப்பும் கையுமாகப் பின்னால் ஒதுங்கி நின்றதால்தான் படத்தில் நான் இல்லை.

பேரன் நல்ல பையன். சிரித்த முகம். குழாயைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, “மொதல் தண்ணி நீங்கதான் குடிக்கணும் பாட்டி” என்று நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். கேமராக்காரர் முன்னால் வந்து குனிந்தார்.

சித்தி டம்ளரைப் பார்த்தாள். பிளக்ஸில் ஓரமாகக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தாள்.

“ஒங்க வீட்டுக்குத் தண்ணி எங்க இருந்து வருது தம்பி?”

அவருக்குப் புரியவில்லை. “வீட்டுக்கா? அது, கேன் வாங்குறோம் பாட்டி” என்றார்.

“அப்படியா. ஒங்க வீட்டு வண்டி இங்கன வந்து தண்ணி எடுத்துட்டுப் போகட்டும். அன்னைக்கு நான் குடிக்கேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் குனிந்து பேரனின் காதில், “வயசாயிருச்சு சார், அப்பப்ப இப்படித்தான்” என்றார். பேரனும் சிரித்தார். கேமராக்காரர் அதற்குள் படத்தை எடுத்துவிட்டார். அதைத்தான் நீங்கள் ‘கண்ணில் நீர் வருகிறது’ என்று போட்டுப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

குழுவில் இருந்து நான் விலகப் போவதில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழைய படத்தை நீங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் படத்தையாவது விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். சித்தி வெறுங்காலோடு நிற்கிறாள். அவள் கை டம்ளருக்கு நேராக இருக்கிறது, ஆனால் உள்ளங்கை மேலே பார்க்கவில்லை. விரல்கள் ஐந்தும் விரிந்து வானத்தைப் பார்க்க, உள்ளங்கை டம்ளரைப் பார்க்கிறது. தண்ணீர் வாங்குகிற கை அப்படி இருக்காது.